அந்தப் பிள்ளைகள் கேட்ட சத்தம்

பேய், பிசாசு, அருள்வாக்கு எதிலும் எனக்கு நம்பிக்கை இருந்ததில்லை. எங்கள் விக்கிரமசிங்கபுரத்தில் சுடலை கோயில் கொடைத் திருவிழாவுக்குப் போனால்கூட, சாமியாடுபவரைப் பார்த்து, இந்த வயதில் இவருக்கு நாடி எவ்வளவு வேகமாக அடிக்கும் என்றுதான் என் புத்தி போகும். உடற்கல்வி படித்தவளுக்கு வேறு எப்படிப் போகும்? அளந்து பார்க்க முடிந்ததைத்தான் நம்புவேன். அப்படிப்பட்டவள் சொல்கிறேன், நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம்.

முனைவர் பட்டத்துக்கு நான் எடுத்துக்கொண்ட தலைப்பு, காது கேளாத பிள்ளைகளுக்கு விளையாட்டுக் கற்றுக்கொடுக்கும் முறை. விசில் இல்லாமல் ஒரு மைதானத்தை எப்படி நடத்துவது, அவ்வளவுதான் ஆராய்ச்சி. பச்சைக் கொடி காட்டினால் ஓட வேண்டும், சிவப்புக் காட்டினால் நிற்க வேண்டும். ஆற்றங்கரை ஊர் ஒன்றில் இருந்த சிறப்புப் பள்ளியில் அனுமதி வாங்கி, சாயங்காலம்தோறும் போய்க்கொண்டிருந்தேன். எல்லாரும் பிறவியிலேயே காது கேட்காத பெண்பிள்ளைகள். விடுதிக் காப்பாளர் செல்வியக்கா கூடவே நிற்பார். பிள்ளைகளின் கைமொழியை எனக்குப் பழக்கிவிட்டதும் அவர்தான்.

அன்றைக்கு ஐப்பசி மழை விட்டு நல்ல வெயில் அடித்தது. மைதானத்தின் அந்தக் கோடியில், கால்வாயை ஒட்டி ஒரு பழைய மதில். பிள்ளைகள் ஓடிப்போய் அதன் அடியில் போட்டிருந்த கோட்டைத் தொட்டுவிட்டுத் திரும்பி வர வேண்டும். பச்சைக் கொடியை வீசினேன். எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பறந்தார்கள்.

கோட்டை நெருங்கும்போதுதான் மதில் அசைந்ததைப் பார்த்தேன். கொடியில் காயும் சேலை அசைகிற மாதிரி, மெதுவாக, பிள்ளைகள் பக்கமாகவே சாய்ந்தது. கையில் சிவப்புக் கொடி இருக்கிறது, யார் பார்ப்பது? ஓடிப் பிடிக்கிற தூரமும் இல்லை. கத்துவதற்கு வாயைத் திறந்தேன், கேட்காத பிள்ளைகளிடம் கத்தி என்ன ஆகப்போகிறது என்பதுகூட அந்நேரம் தோன்றவில்லை. ஆனால் குரல் வரவில்லை. கத்த வந்த சொல் உள்ளேயே நின்றுபோனது.

பிள்ளைகள் நின்றார்கள்.

ஒருத்தியைப் பார்த்து இன்னொருத்தி நின்றாள் என்றால் எனக்குப் புரிந்திருக்கும். அப்படி இல்லை. எல்லாரும் சேர்ந்தாற்போல, எடுத்த கால் எடுத்தபடி நின்றார்கள். அவர்கள் முன்னால் மதில் மொத்தமாக விழுந்தது. சுண்ணாம்புத் தூசி அடங்கியபோது, முன்னால் நின்றவளின் கால்விரலை ஒட்டிச் செங்கல் கிடந்தது.

ஓடிப்போய் எல்லாரையும் கட்டிக்கொண்டேன். ஏன் நின்றீர்கள் என்று கையால் கேட்டேன். அத்தனை பேரும் காதைத் தொட்டுக் காட்டினார்கள். காந்திமதி என்றொரு பிள்ளை, அவள் மதில் விழுந்ததைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, இரண்டு காதையும் தடவித் தடவி அழுதுகொண்டே சிரித்தாள்.

செல்வியக்கா என் பின்னாலேயே ஓடி வந்தார். "நீங்க கத்தினியளா டீச்சர்?"

"கத்தத்தான் பாத்தேன்க்கா. சத்தம் வரல."

"அதானே, பக்கத்துலதான நின்னேன், எனக்கும் ஒண்ணும் கேக்கலயே. பின்ன இந்தப் பிள்ளைவ எல்லாம் காதக் காட்டுதே, என்னத்தக் கேட்டுச்சு?"

மறுநாள் காந்திமதியைத் திருநெல்வேலிக்குக் கூட்டிப்போய்ப் பரிசோதித்தார்கள். பழையபடிதான், எதுவும் கேட்கவில்லை.

என் நெறியாளர், பாவம், பொறுமையாகத்தான் கேட்டார். "ஏம்மா, மதில் சாஞ்சா தரை அதிரும்லா? காது கேக்காதவங்களுக்கு அது கால் வழியா சட்டுனு தெரிஞ்சிரும். இத ஆய்வேட்டுல எழுதி வைக்காத, வாய்மொழித் தேர்வுல துருவி எடுத்துருவாங்க."

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. நானும் அப்படித்தான் மனதைச் சமாதானப்படுத்திக்கொண்டேன். அந்த நாளை விட்டுவிட்டு ஆய்வேட்டை முடித்தேன், பட்டமும் கிடைத்தது.

போன வருஷம் திருநெல்வேலி பேருந்து நிலையத்தில் ஒரு பெண் என் கையைப் பிடித்து இழுத்தாள். காந்திமதி. தையல் கடையில் வேலை பார்க்கிறாளாம். பேச்சு எங்கெங்கோ போய் அந்த மதிலில் வந்து நின்றது. அன்றைக்குக் காலில்தானே அதிர்ந்தது என்று கேட்டேன். இல்லை என்று தலையாட்டிக் காதைத் தொட்டாள். எப்படி இருந்தது என்றேன். அதற்குக் கைமொழியில் சொல் கிடைக்காமல் தவித்தாள். அப்புறம் என் முகத்தைப் பார்த்தபடி, சத்தமில்லாமல், உதட்டை மட்டும் அசைத்தாள்.

"ஏட்டி, நில்லு."

அன்று நான் அவள் முதுகுக்குப் பின்னால் நின்றேன், என் உதட்டை அவள் பார்த்திருக்க முடியாது. என் தொண்டையில் நின்றுபோன சொல் என்னவென்று செல்வியக்காவிடம்கூடச் சொன்னதில்லை. அதேதான்.

அவளுடைய பேருந்து வந்துவிட்டது. படியில் ஏறினவள் திரும்பிப் பார்த்துக் கையால் கேட்டாள்: "அதுக்கப்புறம் ஏன் டீச்சர் ஒரு தடவகூட என்னைக் கூப்பிடல?"