வரி கட்டாதவன் வாங்கிக் கொடுத்த லட்டு

வாழ்க்கையில் நான் வருமான வரி கட்டியதே இல்லை. வளைகுடாவில் வரி கிடையாது. அதற்கு முன்பு ஊரில், வரி போடும்படியான வருமானம் கிடையாது. அப்பேர்ப்பட்டவன் ஷார்ஜாவில் உட்கார்ந்துகொண்டு அமெரிக்கக் கடைக்காரர்களின் வரிக்காகக் கவலைப்பட்டுக் கிடந்தேன்.

எங்கள் ஒர்க்‌ஷாப்பில் சோலார் தகடுகளைத் தாங்கும் இரும்பு ஸ்டாண்டுகள் செய்து அமெரிக்காவுக்கு அனுப்பினோம். அங்கே கடைக்கூரையில் தகடு மாட்டினால் செலவில் ஒரு பங்கை அரசாங்கம் கடைக்காரர் கட்டும் வரியில் கழித்துவிடும். ஆனால் டிசம்பர் முடிவதற்குள் கரண்ட் உற்பத்தி ஆகியிருக்க வேண்டும். அதோடு அந்தச் சலுகையே காலாவதி. சரக்கோடு போகிற சான்றிதழ்கள் என் பொறுப்பு. சலுகை போனால் ஆர்டர் போகும், ஆர்டர் போனால் தொழிலாளர் கேம்ப்பில் இருக்கிற அத்தனை பேர் விசாவும் போகும்.

எனக்கு நெஞ்சு வலித்தது. கிளினிக்குக்கு ஓடினேன். நாகர்கோவில் பக்கத்து நர்ஸ், கேஸ் டிரபிள்தான் என்று ஒரு மாத்திரையைக் கொடுத்து அனுப்பிவிட்டார். சலுகையை நீட்டிப்பார்களா என்று கம்ப்யூட்டரில் செய்தி பார்த்துப் பார்த்தே நோன்பு மாதம் போனது. நோன்பு வைத்தவர்களைவிட நான்தான் அதிகம் வாடியிருந்தேன். அதுவும் மூன்று வேளை சாப்பிட்டுவிட்டு.

பெருநாள் முடிந்து வேலைக்குத் திரும்பியபோது செய்தி வந்தது. நீட்டித்துவிட்டார்கள், பல வருஷங்களுக்கு. மேனேஜரிடம்கூடச் சொல்லாமல் கடைக்கு ஓடி லட்டு வாங்கிவந்து ஒர்க்‌ஷாப் முழுக்கக் கொடுத்தேன். வெல்டிங் முகமூடியைத் தூக்கிவிட்டு வாங்கிக்கொண்ட குளச்சல்காரத் தம்பி கேட்டான்.

"எண்ணே, பொண்ணு பொறந்திருக்கா?"

"அமெரிக்காக்காரன் வரி கழிஞ்சிருக்குடா. தின்னு."

அவன் பாதியைத் தின்றுவிட்டு, மீதியை டிபன் டப்பாவில் போட்டுக்கொண்டான்.

அந்த வாரமே அமெரிக்காவிலிருந்து ஒவ்வொரு கம்பெனியாக எழுத ஆரம்பித்தது. டிசம்பர் கெடு இல்லாததால் அவசரம் இல்லை. அங்கே பேங்குகள் வேறு படுத்துவிட்டன. ஆர்டரை நிறுத்தி வையுங்கள், பிறகு பார்க்கலாம். அப்போதுதான் என் மரமண்டைக்கு உறைத்தது. எங்களுக்குச் சோறு போட்டது சலுகை இல்லை. அது முடியப்போகிறதே என்கிற பதற்றம். அந்தப் பதற்றம் தீர்ந்ததைத்தான் நான் லட்டு கொடுத்துக் கொண்டாடியிருக்கிறேன்.

மேனேஜர் கலாஸ் என்று ஒரே வார்த்தையில் முடித்தார். கேம்ப்பில் எல்லோர் விசாவும் கேன்சலானது. ஏற்கெனவே அனுப்பிய சரக்குக்குச் சான்றிதழ் பாக்கி இருந்ததால் என்னை மட்டும் கொஞ்ச நாள் வைத்துக்கொண்டார்கள். அமெரிக்காவில் ஒரு கூரையும் சலுகைக்கான தகுதியை இழக்கக் கூடாதே. ஒன்றும் இழக்கவில்லை. அதை நான் நன்றாகவே செய்தேன்.

ஏர்போர்ட் வேன் கேம்ப் வாசலில் நின்றது. குளச்சல்காரத் தம்பி கயிறு கட்டின அட்டைப்பெட்டியை ஏற்றிவிட்டு என்னிடம் வந்தான்.

"எண்ணே, ஏன் திரும்பி வந்தேன்னு வீட்ல கேப்பாவ. என்ன சொல்ல?"

எனக்கு வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாது. "அமெரிக்காவுக்கு நல்ல காலம் பொறந்துட்டுன்னு சொல்லு" என்றேன்.

அவன் சிரிக்கவில்லை. கேலி செய்கிற முகமும் இல்லை. புரிந்துகொள்ளத்தான் கேட்டான்.

"அதுக்கு நாங்க எதுக்குண்ணே போணும்?"

டிரைவர் யல்லா யல்லா என்று அவசரப்படுத்தி ஹாரன் அடித்தான். அதற்கு முன்பு ஹாரன் சத்தத்துக்கு நான் மனசுக்குள் அப்படி நன்றி சொன்னதில்லை.