நாயைக் கட்டாமல் வாவிக்கரைக்கு

சுவிசில் இருக்கும் என் மனைவியின் தம்பி ஒரு படம் அனுப்பியிருந்தான். ஏரிக்கரையில் ஒரு வெள்ளை வாகனம். அதற்குள்ளேயே கட்டில், அடுப்பு, கக்கூஸ் எல்லாம் இருக்கிறதாம். வாசலில் மடக்குக் கதிரைகளில் அவன், மனைவி, இரண்டு பிள்ளைகள், தங்க நிறத்தில் ஒரு நாய். நாய் உட்பட எல்லோரும் பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

"மச்சான், சண்டதான் முடிஞ்சித்தே. நீங்களும் புள்ளையக் கூட்டிக்கிட்டு ஒருக்கா இப்பிடிப் போய்ட்டு வாங்களன்" என்றான் தொலைபேசியில்.

யோசித்துப் பார்த்தேன். ஏரி இருந்தது. வெல்லாவெளிப் பக்கத்தில் எங்கள் வீட்டிலிருந்து நாலு கட்டை தூரம் போனால் மட்டக்களப்பு வாவி. வாகனமும் இருந்தது. உழவுக்கும் நெல் ஏற்றவும் வைத்திருந்த இரண்டு சக்கர லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரம். பின்னால் இழுவைப் பெட்டியைக் கொளுவினால் குடும்பமே ஏறலாம். நாயும் இருந்தது. என் மூளைதான் கொஞ்சம் குறைவு. அது எனக்கு அப்போது தெரியவில்லை.

நெல் வெட்டு முடிந்து வட்டை வயலெல்லாம் காய்ந்து கிடந்த நேரம். பிள்ளைக்குப் பள்ளி விடுமுறை. மூன்று நாள் மெனக்கெட்டு பெட்டியின் நான்கு மூலையிலும் கம்பு நட்டு, மூங்கில் வளைத்துக் கட்டி, மேலே தறப்பாளை இழுத்துப் போட்டேன். தூரத்திலிருந்து பார்த்தால் பாடை கட்டிய கோழிக்கூடு மாதிரி இருந்தது. கிட்ட வந்து பார்த்தவர்களும் அதையேதான் சொன்னார்கள்.

அந்தத் தறப்பாளைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் குடும்பத்தில் உலக அனுபவம் கூடியது அதற்குத்தான். சுனாமி என் மாமனாரையும் அவர் கட்டிய வீட்டையும் ஒன்றாக அள்ளிக்கொண்டு போன பிறகு, மாமியாருக்கு நிவாரணமாகக் கிடைத்தது. இரண்டு வருடம் கழித்து, ஷெல்லடிக்குப் பயந்து எங்கள் ஊரே வாவியைக் கடந்து ஓடியபோது, எங்களைத் தன் கீழே நான்கு மாதம் வைத்திருந்தது. பிறகு போகத்துக்குப் போகம் நெல் மூடியது. இப்போது உல்லாசப் பயணம் போகப்போகிறது. "அதுக்குப் பதவி உயர்வு குடுத்திரிக்கன்" என்றேன் மனைவியிடம்.

"அதுக்குக் கீழ நான் படுக்கமாட்டன். அந்த மணம் எனக்குத் தெரியும்."

"கழுவித்தானேகா போட்டிரிக்கன்."

"கழுவினாப் போற மணமில்ல அது" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

ஊரைவிட்டு வெளியில் தங்குவதென்றால் இராணுவ முகாமில் சொல்லிவிட்டுப் போக வேண்டிய காலம். காவலில் நின்ற சிப்பாய்க்குக் கொஞ்சம் தமிழ் தெரியும். "வீடு இல்லையா?" என்று கேட்டான். இருக்கிறது என்றேன். "கூரை உடைஞ்சதா?" நல்ல கூரை என்றேன். "அப்ப ஏன் வெளியே படுக்கிறது?" சந்தோஷத்துக்கு என்றேன். அவன் என் அடையாள அட்டையை இரண்டாம் தரமும் வாங்கிப் பார்த்தான்.

கொண்டுபோக வேண்டியவற்றை நான் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன்: பாய், சட்டி, தூண்டில், மாங்காய், உப்பு, மிளகாய்த் தூள். மனைவி கட்டிய மூட்டையை அவிழ்த்துப் பார்த்தால் காணி உறுதிப் பத்திரம், பிறப்புச் சான்றிதழ்கள், கலியாணப் பதிவு, மகளின் பள்ளிக்கூட றிப்போட், எல்லாம் பொலித்தீன் பையில் இரண்டு சுற்றுச் சுற்றி இருந்தன. தூண்டிலைக் காணோம்.

"உறுதி என்னத்துக்குகா? வாவி முதலைக்குக் காணி எழுதிக் குடுக்கப்போறியா?"

"ஷெல்லடிக்கு ஓடக்குள்ளயும் ரெண்டு நாளெண்டுதான் சொன்னீங்க."

பையைத் திரும்பக் கட்டி வைத்தேன்.

மகளுக்கு அப்போது பதினொரு வயது. அவள் வளர்த்த மண்ணிற நாய்க்கு ஒரு வயதிருக்கும். அவள் வராவிட்டால் இந்தக் கூத்துக்கே அர்த்தமில்லை. அவளைச் சிரிக்கவைக்கத்தான் பெட்டியைக் கோழிக்கூடாக்கினேன். புறப்படுவதற்கு முதல்நாள் வந்து கேட்டாள்.

"நாயும் வருமா அப்பா?"

"ஓம் மகள். அது இல்லாமலா?"

"கட்டாமலா?"

அங்கேதான் சிக்கல். வாவியில் முதலை உண்டு. போன மாதமும் துறையடியில் தண்ணீர் குடிக்க இறங்கிய ஒரு நாயை இழுத்துப்போனது. "கரையில நிக்கக்குள்ள மட்டும் கட்டி வைப்பம்" என்றேன்.

"அப்ப நான் வரல்ல."

காரணம் எனக்குத் தெரியும். ஷெல்லடிக்கு ஓடிய அன்று எங்களிடம் வேறொரு நாய் இருந்தது, கறுப்பு. மகளோடு ஒன்றாக வளர்ந்தது. பெட்டியில் ஆட்களுக்கே இடமில்லை. நான் அதை வளவில் இருந்த மாமரத்தில் கட்டிவிட்டு வந்தேன். இரண்டு நாளில் வந்துவிடலாம் என்றுதான் எல்லோரும் சொன்னோம். வழியெல்லாம் ஏழு வயதுப் பிள்ளை அழுதாள். வரும்போது அவிழ்த்து விட்டுத்தான் வந்தேன், அது காட்டுக்குள் போய்ப் பிழைத்துக்கொள்ளும் என்று சொன்னேன். நான்கு மாதம் கழித்துத் திரும்பியபோது மரத்தடிக்கு நானே முதலில் ஓடிப்போய், கிடந்ததை அள்ளிப் புதைத்தேன். பிறகு கூரை திருத்தும் வேலையில் விழுந்துவிட்டேன்.

நாயைக் கூடைக்குள் வைக்கலாம் என்றேன். "அடைக்கிறதும் கட்டுறதும் ஒண்டுதானே" என்றாள். கரையில் முள்வேலி போடலாம் என்றேன். கடைசியில் அவளே ஒரு வழி சொன்னாள்.

"நான் பிடிச்சிக்கிட்டு இரிக்கன். கை நொந்தா அம்மா பிடிக்கட்டும்."

"நானும் மாறிமாறிப் பிடிக்கலாம்தானே."

"நீங்க வேணாம்."

அதையும் பகிடியாக எடுத்துக்கொண்டு, ஆம்பிளைக்கு வேலை மிச்சம் என்று சிரித்தேன். நான் மட்டும் சிரித்தேன்.

அடுத்த நாள் காலை. மனைவியும் பொலித்தீன் பையும் ஏறியாயிற்று. மகள் நாயை மடியில் வைத்துக்கொண்டு பெட்டிக்குள் ஒவ்வொரு சாமானாகத் தூக்கிப் பார்த்தாள். பாய்க்குக் கீழே நான் ஒளித்து வைத்திருந்த நைலோன் கயிற்றை எடுத்து நீட்டினாள்.

"இது என்னப்பா?"

"முதலைப் பயத்திலதான் மகள். கட்டாயம் வந்தாத்தான் எடுக்கிற."

"அண்டைக்கு மாமரத்தில கட்டினயும் கட்டாயமா?"

அவிழ்த்து விட்டேன் என்று சொல்ல வாயெடுத்தேன். பழகிய வாய்.

"முடிச்சி இருந்திச்சி" என்றாள். "திரும்பி வந்தண்டே பாத்தன். நீங்க கீழ கிடந்தத மட்டும்தான் எடுத்தீங்க. கயிறு மரத்திலதான் இருந்திச்சி."

மனைவி வேலிப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவளுக்கும் தெரியும் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. நான்கு வருடமாக ஒரு வீட்டில் மூன்று பேர் ஒரு கயிற்றைச் சுற்றி நடந்திருக்கிறோம்.

"ஏன் கட்டினீங்க?"

ஓடி வந்து சில்லுக்குள் அகப்பட்டுவிடும் என்று பயந்தேன் எனச் சொல்லியிருக்கலாம். அது பாதி உண்மையும்கூட. ஆனால் அன்று வேறு வந்துவிட்டது.

"வீட்டுக்குள்ள நெல்லு மூட்ட கிடந்திச்சி மகள். ஆரும் வந்தா நாய் குலைக்கட்டும் எண்டு."

திரும்பி வந்தபோது நெல்லும் இல்லை. அதை அவளுக்குச் சொல்லத் தேவையில்லை. வெறும் அறையை அவளும் பார்த்தவள்தான். மகள் கயிற்றை வேலிக்கு வெளியே எறிந்தாள்.

"புறகு என்ன, போவம்" என்றாள்.

போனோம். கோழிக்கூடு குலுங்கிக் குலுங்கி மருத மரத்தடியில் போய் நின்றது. நான் அடுப்புக்குக் கல் அடுக்கினேன். தூண்டில் வராததால் ஒரு தடியில் நூலைக் கட்டி மீன் பிடிக்கிறவன் மாதிரி நடித்துக் காட்டினேன். மனைவி கொஞ்சம் சிரித்தாள். மகள் பெட்டிக்குள்ளேயே, வெக்கை அவிக்கும் அந்தத் தறப்பாளுக்குக் கீழே, நாயைக் கட்டிப்பிடித்தபடி இருந்தாள். தண்ணீரை அவள் பார்க்கவேயில்லை.

மத்தியானம் போல அவளுக்கு ஒதுங்க வேண்டி வந்தது. இறங்கி நின்றாள். தாய் அரிசி கழுவிக்கொண்டிருந்தாள். இரண்டு கையும் ஈரம். என் கைகள் சும்மாதான் இருந்தன. நான் எழுந்து நின்று அவற்றை நீட்டினேன்.

அவள் என் கைகளைப் பார்த்தாள். பிறகு, வளர்ந்த அந்த நாயைக் கால்கள் தொங்கத் தொங்கத் தூக்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பற்றைக்குள் போனாள்.