அப்பாவுக்கு வெளி லைன்

பத்து வருஷமாக எக்ஸ்போர்ட் ஆபீஸில் உட்கார்ந்து போன் பேசிப் பேசி எனக்குக் காது மரத்துவிட்டது. மேசையில் மணி அடித்தாலே அலுப்பு. ஒரு போனுக்காக ஸ்டூல் மேல் ஏறியவள் நான் என்றால் யார் நம்புவார்கள்?

வீரபாண்டியில் பெரியப்பாவின் பனியன் கம்பெனி. அப்பாவுக்கு அங்கே செக்கிங் பொறுப்பு. செல்போன் பெரியப்பாவிடம் மட்டுமே இருந்த காலம். நான் நான்காவது முடித்த லீவில், அம்மாவின் தம்பியான மாமா அங்கே இன்டர்காம் போட வந்தார். சுவரில் ஒரு வெள்ளைப் பெட்டி, அதன் அடியில் போன் ஒயரின் ஜாக்கைச் செருக எட்டு போர்ட். முதல் போர்ட் பெரியப்பா மேசைக்கு, எண் 21. நான்காவது அப்பாவுக்கு, எண் 24. பெரியப்பா பக்கத்தில் நின்று சொல்லச் சொல்ல, எந்த போர்ட்டுக்கு என்ன அனுமதி என்று மாமா எண்களை அழுத்திப் பதிந்தார். பூஜ்யத்தை அழுத்தினால் வெளி லைன் வரும். கட்டிங்கில் வந்தது, குடோனில்கூட வந்தது. அப்பாவின் போனில் மட்டும் கீங் கீங்கென்று சத்தம்.

ரிப்பேர் என்று மாமாவிடம் ஓடினேன்.

"அது அப்பிடித்தான் கண்ணு, நீ போய் வெளையாடு" என்றார், என் முகத்தைப் பார்க்காமல்.

சாயப்பட்டறைக்குப் பேச வேண்டுமென்றால் அப்பா 21ஐ அழுத்தி, "அண்ணா, சாயப்பட்டறைக்கு ஒரு லைன் குடுங்க" என்று கேட்க வேண்டும். பெரியப்பா டீயைக் குடித்து முடிக்கும்வரை அப்பா ரிசீவரைப் பிடித்துக்கொண்டு நிற்பார். நாற்பது வயது மனுஷன்! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மூன்றாம் நாள் எல்லோரும் சாப்பிடப் போன நேரத்தில் ஸ்டூலில் ஏறி, முதல் போர்ட்டின் ஜாக்கையும் நான்காவதையும் பிடுங்கி மாற்றிச் செருகிவிட்டேன்.

மதியம் பெரியப்பாவுக்கு வெளி லைன் போயே போய்விட்டது. அவருக்கு வந்த போனெல்லாம் அப்பா மேசையில் அடித்தது. "இருங்க, அண்ணனைக் கூப்படறனுங்க" என்று அப்பா ஓடிக்கொண்டேயிருந்தார். பெட்டியின் அடியில் குனிந்து பார்த்த மாமா அப்பாவைப் பார்த்தார். பெரியப்பாவும் அப்பாவைத்தான் பார்த்தார்.

"சத்தியமா நான் தொடலீங்கண்ணா." அப்பாவுக்கு வியர்த்துவிட்டது.

"நான்தான் மாத்துனேன்" என்றேன். "அப்பா போன்ல வெளி லைனே வர்றதில்ல."

 பெரியப்பா சிரித்தார். "ஏன் மாப்ள, தம்பிக்கு லைன் குடுக்காமயா வெச்சிருக்கற? குடுத்துரு, குடுத்துரு."

யார் சொல்லி அடைத்தது என்று மாமா வாயைத் திறக்கவில்லை. ஜாக்குகளை மாற்றிச் செருகி, நாலைந்து எண்ணை அழுத்தினார். அரை நிமிஷ வேலை.

மறுநாள் காலை அப்பா போனை எடுத்தார். 21ஐ அழுத்தினார். "அண்ணா, சாயப்பட்டறைக்கு ஒரு லைன் குடுங்க."

எனக்கு அழுகையே வந்துவிட்டது. "பூஜ்யத்த அழுத்துனாப் போதுங்கப்பா!"

"தெரியுங் கண்ணு" என்றார் அப்பா, ரிசீவரின் வாயைக் கையால் பொத்திக்கொண்டு.

பாவம், மறந்துவிடுகிறார் என்றுதான் நினைத்தேன். ஒரு தாளில் பெரிதாகப் பூஜ்யம் எழுதி, அவர் போன் மேலேயே ஒட்டிவைத்தேன்.