கணக்கில் சேராத கேன்கள்

நாயைக் கூட்டிக்கொண்டு நடந்தால் கணக்கு உண்டாம். தோளில் இருபது லிட்டர் தண்ணீர் கேனோடு மூன்று மாடி ஏறினால் கணக்கு இல்லையாம். சின்னப்பையனுக்கு நாலு வருஷமாக ஆறாத ஆத்திரம் இது. முன்பெல்லாம் சண்டை போட அவன் பெண்டாட்டி சுலோச்சனா இருந்தாள். அவள் போய் இரண்டு வருஷம் ஆகிறது. இப்போது ராஜா அண்ணாமலைபுரத்துப் படிக்கட்டுகளில் ஏறும்போது அவனே கேள்வி கேட்டு, அவனே முனகிக்கொள்கிறான்.

பேர்தான் சின்னப்பையன். வயது ஐம்பத்துமூன்று. மூன்று சக்கர மீன்பாடி வண்டியில் கேன்களை அடுக்கிக்கொண்டு அபார்ட்மென்ட் அபார்ட்மென்ட்டாகப் போடுகிறவன். சுலோச்சனா அதே பக்கத்தில் நாலு வீடுகளில் வேலை செய்தாள். அடையாற்றங்கரையில் இருந்த வீட்டை இடித்து, ஊருக்கு வெளியே பெரும்பாக்கத்து அடுக்குமாடிக்கு அனுப்பிய பிறகும் இருவருக்கும் பிழைப்பு பழைய இடத்தில்தான். காலையில் ஒரே பஸ்ஸில் வருவார்கள், சாயங்காலம் ஒரே பஸ்ஸில் போவார்கள். சீட் கிடைத்தால் அவன் தோளில் சாய்ந்து தூங்கிவிடுவாள்.

ராயப்பேட்டை ஆஸ்பத்திரியில் அவளுக்குச் சர்க்கரை என்று சொன்னார்கள். மாத்திரை போடு, தினம் நட என்றார்கள். மகள் நிலா, தி.நகர் ஜவுளிக்கடையில் புடவை எடுத்துக் காட்டுகிறவள், அம்மாவின் போனில் ஓர் ஆப்பை ஏற்றினாள். எத்தனை அடி நடந்தோம், எவ்வளவு கலோரி எரிந்தது என்று அது சொல்லும். நடையைத் தவிர மற்ற வேலைகளை நாம்தான் பார்த்துச் சேர்க்க வேண்டும். எதைச் சேர்ப்பது, எதை விடுவது என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை மூன்று பேரும் உட்கார்ந்தார்கள்.

"நீச்சல், சைக்கிள், தோட்ட வேலை, நாயோட நடக்கிறது..." என்று நிலா படித்தாள்.

"தண்ணி கேன் தூக்கறது கீதான்னு பாரு."

"இல்ல நைனா."

"இன்னாடி இது? நாய் இஸ்துகினு போறவனுக்கு எரியுது, எனக்கு எரியலையா? என் தோளத் தொட்டுப் பாரு, எரியுதா இல்லையான்னு."

"உனக்கா சக்கர? எனக்குத்தானே? நீ இன்னாத்துக்கு நடுவுல?" என்றாள் சுலோச்சனா. பிறகு மகளிடம், "ஏழு மாடிப் படி ஏறுறத சேத்துக்கோ. லிப்ட் ஓடாதது நம்ம தப்பா? நம்ம வூட்டுத் துணி தோய்க்கிறது, அதையும் சேத்துக்கோ" என்றாள்.

"பஸ்ல நின்னுகினு வரதும்மா?"

"பஸ்ஸுதானே நடக்குது. வுட்ரு."

"அப்ப நான் நாள் பூரா கடைல நிக்கிறேனே? உக்காந்தா சூபர்வைசர் முறைக்கிறாரு. அதுக்கு எவ்ளோ எரியும்?"

"வயிறுதான் எரியும்" என்றான் சின்னப்பையன். மூவரும் சிரித்தார்கள்.

நாலு வீட்டு வேலையையும் நிலா சேர்க்கப் போனபோதுதான் சுலோச்சனா கையை நீட்டி மறித்தாள்.

"அது வேணாம். அதுக்குத்தான் சம்பளம் குடுக்குறாங்களே. ஒரு வேலைய ரெண்டு எடத்துல காட்டக் கூடாது."

"யம்மா, இது சம்பளக் கணக்கு இல்லம்மா. உடம்புக் கணக்கு."

"எதுவா இருந்தா இன்னா? கூலிக்குச் செஞ்சது சேராது. உங்க நைனா கேனும் அப்பிடித்தான்."

அவன் எவ்வளவோ சொல்லிப் பார்த்தான். நாலு வீடு துடைக்கிறதைச் சேர்த்தால் நடையே வேண்டாம், நேராக வீட்டுக்குப் போய்ப் படுக்கலாம் என்றான். அவள் கேட்கவில்லை. வேலைக்குப் போகிற வீட்டில் நுழைந்ததும் போனை ஒயர்க்கூடையில் வைத்துவிடுவாள். அந்த நாலு வீட்டில் ஒன்றின் வைதேகி மாமிக்குக்கூட இது பிடிபடவில்லை. கேன் இறக்கப் போன ஒருநாள் அவன் காதாலேயே கேட்டான்.

"ஏண்டி சுலோச்சனா, எங்காத்தைப் பெருக்கித் துடைக்கறதுக்கே ரெண்டாயிரம் ஸ்டெப் ஆயிடுமே. போனை இடுப்புல சொருகிண்டா என்ன?"

"அது உங்க வூட்டு நடை மாமி."

சாயங்காலம் வேலை முடிந்ததும் கூடையிலிருந்து போனை எடுத்துக்கொண்டு கிளம்புவாள். அடையாற்றுப் பாலத்தைத் தாண்டி, ஊரூர் மீனவர் குப்பத்துக் கடற்கரை வரைக்கும் நடை. அங்கே கொஞ்சம் நின்றுவிட்டு, பெசன்ட் நகரில் பஸ் பிடிப்பாள். கிளம்புவதற்கு முன்னால் அவன் வண்டிக்கிட்டே வந்து தினமும் கேட்பாள்.

"வரியாயா?"

"மொதல்ல என் கேன கணக்குல சேத்துக்கோ, அப்புறம் வரேன்."

"சேராது."

"அப்ப நீ போ. என் காலு இன்னிக்கு நடந்தது போதும்."

"நாள் பூரா காலு அவுங்களுது. இந்த ஒரு மணி நேரந்தான்யா என் காலு. உனக்கும் ஒண்ணு இருக்கட்டுமேன்னு கூப்புட்டா..."

மிச்சத்தைச் சொல்லாமல் போய்விடுவாள். சிக்னல் வரைக்கும் அவள் முதுகு தெரியும். அப்புறம் திரும்பிவிடுவாள். அவன் தனியாகப் பஸ் ஏறிப் போவான், பக்கத்துச் சீட்டில் யாராவது உட்காருவார்கள். இருட்டிய பிறகு ஏழு மாடி ஏறி அவள் வருவாள். மூச்சு வாங்கும், ஆனால் முகம் கழுவி விட்டது போல இருக்கும். "நெத்திலி காயப் போட்டுக்கிறாங்க, கர பூரா வெள்ளியாட்டம்" என்பாள். "உம்" என்பான். அதற்கு மேல் ஒருநாளும் அவன் கேட்டதில்லை. எங்கே நிற்பாள், எந்தப் பக்கம் பார்த்துக்கொண்டு நிற்பாள், யாரோடு பேசுவாள், ஒன்றும் தெரியாது. ஒன்றே முக்கால் வருஷம் அவள் நடந்ததில் அவனிடம் மிச்சம் இருப்பது சிக்னல் வரைக்கும் போன அந்த முதுகுதான். ஒரே ஒருநாள் அவனும் இறங்கிக் கூட நடந்திருக்கலாம். வண்டியைப் பூட்ட எவ்வளவு நேரம் ஆகும்?

ஒருநாள் அவளுடைய புதுச் செருப்பு கால்விரலைக் கடித்தது. சர்க்கரைக் காலில் வலி தெரியவில்லை. கூட நடந்திருந்தால் செருப்பில் இருந்த ரத்தக் கறையை அவன் பார்த்திருப்பான். கால் வீங்கிக் காய்ச்சல் வந்த பிறகுதான் வீட்டுக்கே தெரிந்தது. ஆஸ்பத்திரியில் சேர்த்து, இரண்டு விரலை எடுத்தார்கள். அப்போதும் விஷம் இறங்கவில்லை.

கட்டிலில் படுத்தபடி போனைப் பார்த்துக்கொண்டே இருப்பாள்.

"முட்ட முட்டயா கீதுயா. முன்ன ஒரு நாளு வுடாம நம்பர் வந்துகினு இருந்துச்சு."

 மறுநாள் காலை அவளிடம் சொல்லாமல் அந்தப் போனை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனான். லிப்ட் இருக்கிற கட்டிடத்தில்கூடப் படியில் ஏறினான். வைதேகி மாமி வீட்டுக்கு ஒரு கேன் போதும் என்றபோது, இன்னொன்று இருக்கட்டும் மாமி என்று மறுபடி இறங்கி ஏறினான். சாயங்காலம் போனை அவள் கையில் வைத்தான். பதினாறாயிரம் அடி. இத்தனை நாளில் அவள்கூட அவ்வளவு எட்டியதில்லை.

சுலோச்சனா கண்ணை அகல விரித்தாள். கொஞ்ச நேரம் முகத்தில் அந்தக் கழுவிவிட்ட வெளிச்சம் வந்தது. அப்புறம் அவன் சட்டையைப் பார்த்தாள். தோள்பட்டை ஈரமாக இருந்தது.

"எத்தினி கேனுயா?"

"நாப்பத்திரெண்டு."

"யோவ், திருட்டு நடையா?" அவள் சிரித்தாள். சிரிப்பு இருமலாகிவிட்டது. அவன் அவள் முதுகைத் தடவிக் கொடுத்தான்.

"இன்னாமே, இப்பக்கூட சேக்க மாட்டியா?"

 போனை அவன் சட்டைப்பையிலேயே திருப்பிப் போட்டு, மேலே உள்ளங்கையால் ஒரு தட்டுத் தட்டினாள்.

"நாளைக்கு வேல முடிஞ்சதும் வண்டியப் பூட்டிட்டு, பாலத்தத் தாண்டி கர வரைக்கும் எனக்காக நடந்துட்டு வாயா. கேன் தூக்கும்போது மட்டும் போன எடுத்து வண்டியில வச்சுடு."