பொரிப் பொட்டலத்தின் மேல் விழுந்த பழி

ஒரே ஒரு வாக்கியத்தைச் சொல்ல ஒரு மனிதனுக்கு ஏன் பதினொரு நாள் ஆகிறது? இந்தக் கதையை முதலில் கேட்டபோது எனக்குத் தோன்றியது இந்தக் கேள்விதான்.

லியாவ் ஜுங்-ஹானுக்கு அப்போது நாற்பத்தொரு வயது. தைனான் நகரம் முழுக்க ஸ்கூட்டரில் சுற்றி, சர்வர்களுக்கு ஹார்ட் டிஸ்க் மாட்டுவதும் கழற்றுவதும்தான் பதினாறு வருடமாக அவன் பிழைப்பு. கை சுத்தமான ஆள் என்று பெயர்.

அந்த ஆஸ்பத்திரியின் எக்ஸ்ரே படங்களை வைத்திருந்த சர்வரை மாட்டியவனும் அவன்தான். எட்டு டிஸ்க் வரிசையாக நிற்கும் பெட்டி. ஒன்று பழுதானால் மற்ற ஏழும் தாங்கிக்கொள்ளும். இரண்டு போனால் எல்லாமே போய்விடும். ஆஸ்பத்திரியில் நாலாவது மாடி கிடையாது, நாலாம் எண் கட்டிலும் கிடையாது. அந்த ஊர்ப் பேச்சில் நாலு என்பது சாவு என்ற சொல்லைப் போல ஒலிக்கும், அதனால் அந்த எண்ணே அங்கே ஆகாது. அதனால் டிஸ்க்குகளுக்கு ஸ்டிக்கர் ஒட்டும்போது ஜுங்-ஹானும் நாலை விட்டுவிட்டான். மூன்றுக்குப் பிறகு ஐந்து, அப்படியே ஒன்பது வரை. நோயாளிகளின் படங்கள் இருக்கிற பெட்டிக்கு அதுதான் மரியாதை என்று பட்டது. ஆறு வருடத்தில் அதை மறந்தும் போனான்.

ஒரு செவ்வாய்க்கிழமை, மதியச் சாப்பாட்டுக்குச் சற்று முன், ஐந்தாவது டிஸ்க் பழுது என்று திரை காட்டியது. திரைக்கு ஆகாத எண் எதுவும் இல்லை. அது வரிசையாகத்தான் எண்ணும். இழுப்பதற்கு முன், திரையில் வரும் நீளமான தொடர் எண்ணையும் டிஸ்க்கின் முகப்பில் இருப்பதையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். பொடி எழுத்து, குனிந்து படிக்க வேண்டும். ஸ்டிக்கரில் ஐந்து என்று பளிச்சென்று தெரியும்போது அது எதற்கு என்று இழுத்துவிட்டான். அவன் இழுத்தது நாலாவது டிஸ்க். நல்ல டிஸ்க்.

பெட்டி கீச்சிட்டது. திரும்பச் செருகினான், ஏற்கவில்லை. அப்போதுதான் அவன் கண் மூன்றுக்கும் ஐந்துக்கும் நடுவே போய் நின்றது.

கணினிப் பிரிவுத் தலைவர் கோங் ஓடி வந்தார். "என்னப்பா ஆச்சு?"

"ரெண்டாவதா இன்னொரு டிஸ்க்கும் போயிடுச்சு சார்."

அது பொய்யில்லை. உண்மையும் இல்லை.

கோங் பெட்டியின் மேலிருந்த பச்சைப் பொட்டலத்தை எடுத்துப் பார்த்தார். மெஷின் சொன்னபடி கேட்கட்டும் என்ற நம்பிக்கையில் அந்த ஊரில் எல்லா சர்வர் மேலும் வைக்கிற சோளப் பொரி. அதன் தேதி மட்டும் தாண்டக் கூடாது.

"மூணு மாசம் முன்னாடியே முடிஞ்சிருக்கு. இதை வெச்சுக்கிட்டு மெஷின் எப்படி உருப்படும்? யாரு இதுக்குப் பொறுப்பு?"

பொறுப்பு, ஸ்டோரைப் பார்த்துக்கொள்ளும் பெங் யுவே-சியா. ஐம்பத்தெட்டு வயது. எல்லோருக்கும் அக்கா.

விளையாட்டாகத்தான் ஆரம்பித்தது. "புதுசை நீங்க தின்னுட்டு பழசை வெச்சுட்டீங்களாக்கா?" என்று எக்ஸ்ரே எடுக்கும் பெண் கேட்டாள். யுவே-சியாவும் சிரித்தார். மறுநாள் சிரிப்பு நின்றது. முந்தின இரவு எடுத்த நகலிலிருந்து மற்றதெல்லாம் மீண்டன. செவ்வாய் காலை எடுத்த நாற்பத்து மூன்று பேரின் படங்கள் மீளவில்லை. அத்தனை பேரையும் மறுபடி வரவழைக்கும் வேலை யுவே-சியா தலையில் விழுந்தது. சக்கர நாற்காலியில் வந்த ஒவ்வொருவர் முன்பும் அவர் இடுப்பு வளையக் குனிந்தார். கவனம் போதவில்லை, மாதக் கடைசியில் பின்கட்டுத் துணிக் கிடங்குக்கு மாற்றம் என்றும் பேச்சு வந்தது.

ஜுங்-ஹான் என்ன செய்தான் தெரியுமா? அந்தச் செவ்வாய்க்கிழமையே, யாரும் பார்க்காதபோது, பழைய ஸ்டிக்கர்களை உரித்துவிட்டு ஒன்று முதல் எட்டு வரை புதிதாக ஒட்டினான்.

பெட்டியை ஒழுங்குபடுத்தத் தினமும் வரவேண்டியிருந்தது. அவனைச் செல்லமாக அ-ஹான் என்று கூப்பிடும் யுவே-சியா, பால்மீன் கஞ்சி வாங்கி வைத்திருப்பார். "அ-ஹான், சாப்டியா? என்னாலதானே உனக்கு இவ்வளவு அலைச்சல்." அவன் கஞ்சியைக் கிளறிக்கொண்டே இருப்பான். நாளைக்குச் சொல்லிவிடலாம் என்று நினைப்பான். நாளைக்குச் சொன்னால், இன்றைக்கு ஏன் சொல்லவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு நாளும் சொல்ல வேண்டியது கூடிக்கொண்டே போயிற்று.

பதினோராம் நாள் யுவே-சியா புதுப் பொட்டலத்தோடு வந்தார். "தேதியை நீ படிச்சுச் சொல்லுப்பா. என் கண்ணை யாரும் நம்புறதில்ல. நானே நம்புறதில்ல."

"அடுத்த பிப்ரவரி" என்று படித்தான். பிறகு தரையைப் பார்த்தபடியே, "பொட்டலம் ஒண்ணும் பண்ணலக்கா. நல்ல டிஸ்கை உருவினது நான்" என்றான்.

யுவே-சியா பொட்டலத்தைப் பெட்டியின் மேல் வைத்தார். "என்கிட்ட சொல்லி என்ன ஆகப்போகுது? சார்கிட்ட போய்ச் சொல்லு."

கோங்கின் அறையில் நாலைந்து பேர் இருந்தார்கள். அத்தனை பேர் முன்பும், ஸ்டிக்கர் விஷயத்தையும் சேர்த்துச் சொன்னான்.

"ஸ்டிக்கரை எப்ப மாத்தின?" என்று கோங் கேட்டார்.

"அன்னிக்கேதான் சார்."

அவர் அதை ஒரு தாளில் குறித்துக்கொண்டார். திட்டியிருந்தால் தேவலை என்று அவனுக்கு இருந்தது.

யுவே-சியாவின் மாற்றம் நின்றது. ஜுங்-ஹான் இனி அங்கே வர வேண்டாம் என்றார்கள். அந்த நாற்பத்து மூன்று பேரிடம் மன்னிப்புக் கேட்கப் பட்டியல் கேட்டான். நோயாளிகளின் விவரம் வெளியாளுக்குக் கிடையாது என்று கொடுக்கவில்லை. கிளம்பும்போது ஸ்டோர் வாசலில் நின்று தலை குனிந்தான். யுவே-சியா கையுறைப் பெட்டிகளை அடுக்கிக்கொண்டே சொன்னார்: "நாப்பத்து மூணு பேருகிட்ட நான் குனிஞ்சேன், அ-ஹான். நீ ஒரு தடவை குனியுற."

ஆனால் பழைய கதை அதற்குள் ஊர் சுற்றிவிட்டது. தேதி போன பொட்டலத்தை வைத்து ஒரு ஸ்டோர்க்கார அக்கா சர்வரையே கொன்றுவிட்டாள் என்று, அவன் போகிற மெஷின் அறைகளில் எல்லாம் சிரித்துச் சிரித்துச் சொல்கிறார்கள். கேட்கும்போதெல்லாம் கையிலிருப்பதைக் கீழே வைத்துவிட்டு, "அது நான்தான்" என்கிறான். முகம் இன்னும் சிவக்கிறது. எல்லா அறைக்கும் அவன் ஒருவனால் போக முடியாது. அந்தப் பொரிக் கதை உங்கள் காதிலும் எங்காவது விழுந்தால், சொன்னவரிடம் இதைச் சொல்லிவிடுங்கள். பெங் யுவே-சியா எந்தப் படத்தையும் அழிக்கவில்லை என்று அவர் பெயரோடு சேர்த்துச் சொல்லுங்கள்.