றெக்கோட் மாதிரியே

தொண்ணூறுகளில், நான் ரொறன்ரோவிலும் என் மனைவி விசாவுக்காகக் கொழும்பு லொட்ஜ் ஒன்றிலும் காத்துக் கிடந்த காலம். தொலைபேசியில் அவள் என்னிடம் ஒன்றே ஒன்றைத்தான் கேட்டாள்.

"இஞ்சருங்கோ, ஒரு பாட்டுப் பாடி கசற்றில அனுப்புங்கோவன். உங்கட குரலே மறந்துபோம் போல கிடக்கு."

"இப்ப கதைக்கிறன்தானே?"

"ரெலிபோன் கார்ட் முடியப்போகுது எண்டு அந்தரப்பட்டுக் கதைக்கிற குரல் எனக்கென்னத்துக்கு? பாடிற குரல் வேணும்."

அவள் கேட்டதில் நியாயம் இருந்தது. யாழ்ப்பாணத்தில் நான் ஓர் இசைக்குழுவின் பாடகன். கோயில் திருவிழா மேடையில் நான் பாடியதைக் கேட்டுத்தான் அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். எங்கள் குழுவுக்கு இருந்தது ஒரே சட்டம்: றெக்கோட் மாதிரியே இருக்க வேண்டும். சினிமாப் பாடகர் மூச்செடுக்கிற இடத்தில்தான் நானும் மூச்செடுப்பேன். அவர் சிரித்தால் சிரிப்பேன், விம்மினால் விம்முவேன். "கண்ணை மூடினா அவரேதான்" என்று சனம் சொல்லும். அதைவிடப் பெரிய பட்டம் எங்கள் ஊரில் எந்தப் பாடகனுக்கும் கிடைத்ததில்லை.

ஆனால் ரொறன்ரோவின் வோபர்ன் பகுதியில் நான் இருந்த பேஸ்மென்றில் அந்தக் குரல் வர மறுத்தது. றெக்கோடரின் சிவப்புப் பொத்தானை அமத்தியவுடன் பாட்டின் முதல் சொல்லே வராது. போட்டுக் கேட்டால், மேலே வீட்டுக்கார அன்ரி நடக்கிற சத்தம் மட்டும் பதிவாகியிருக்கும். சில நாட்களில் அதையே திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டு படுத்திருந்தேன். ஒரு மனிசர் நடமாடுகிற சத்தமாவது இருக்கிறதே என்றிருந்தது. சீ, இதுவும் ஒரு சீவியமா!

அட்டைப்பெட்டி செய்யும் தொழிற்சாலையில் எனக்கு வேலை. அங்கே ஃபோர்க்லிஃப்ற் ஓட்டிய வெள்ளைக்காரி ஒருத்தி தன் றேடியோவில் நாள் முழுக்கக் கன்ட்றி என்கிற அமெரிக்க நாட்டுப்புறப் பாட்டுத்தான் வைப்பாள். முதலில் எனக்கு எரிச்சல் எரிச்சலாக வந்தது. மாடு துலைச்சவன் தெருத்தெருவாக அழுதுகொண்டு போகிற மாதிரி ஒரு சத்தம். பிறகு ஒருநாள் ஒரு குரல் என்னைப் பெட்டி மடித்த கையோடு நிறுத்திவிட்டது. எப்போதோ செத்துப்போன ஒரு பழைய பாடகர். மூக்கால் பாடுவார். ஒவ்வொரு வரியிலும் கடைசிச் சொல்லுக்கு முன்னால் கொஞ்சம் நிற்பார், சொல்லுவமா விடுவமா என்று யோசிக்கிறவர் போல. ஆங்கிலம் எனக்குப் பாதிதான் விளங்கியது. அந்த நிற்பு முழுதாக விளங்கியது.

அவருடைய கசற் ஒன்றை வாங்கி ஒரு பாட்டைப் பாடமாக்கினேன், எங்கள் குழுச் சட்டப்படியே. பெட்டி மடிக்கும்போது நான் முணுமுணுத்ததை அந்தப் பெண் கேட்டுவிட்டாள். அவளும் கிற்றார் வாசிப்பவளாம். சனிக்கிழமைப் பின்னேரங்களில் அந்தப் பாடகரை விரும்புகிறவர்கள் ஒரு தவறணையில் பியரோடு கூடிப் பாடுவார்களாம். வரச் சொன்னாள். வேறு எங்கே போகக் கிடந்தது எனக்கு? போனேன்.

போய் இருந்து கேட்டால் எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. காதில் தோடு போட்ட ஒருவன் அந்த மனிசனின் பாட்டை எலெக்ரிக் கிற்றாரில், வீடு நெருப்புப் பிடித்தவன் மாதிரி ஓடி ஓடிப் பாடினான். ஒரு பெட்டை வாத்தியமே இல்லாமல் இழுத்து இழுத்துப் பாடினாள். ஒருவராவது அவரை மாதிரிப் பாடவில்லை! எங்கள் ஊர் மேடையென்றால் கூக்காட்டி இறக்கியிருப்பார்கள். பொறுங்கோடா, உங்கட ஆளை உங்களுக்கே நான் காட்டுறன் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு எழுந்து போனேன்.

அச்சொட்டாகப் பாடினேன். அதே மூக்கு, அதே உடைவு. கடைசிச் சரணத்துக்கு முன்னால் கசற்றில் அவர் தொண்டையைச் செருமுவார், நானும் செருமினேன். பகிடி விடுகிறேன் என்று நினைத்து இரண்டொருவர் சிரித்தார்கள். பிறகு மரியாதைக்குக் கை தட்டினார்கள்.

ஃபோர்க்லிஃப்ற் பெண் பக்கத்தில் வந்து இருந்தாள். அவர் அழுகிற இடத்திலேயே நீயும் அழுகிறாயே, உனக்கு எந்த இடத்தில் அழுகை வரும் என்று கேட்டாள். கேலியாக இல்லை, அறிய வேண்டுமென்றுதான் கேட்டாள். எனக்கோ கோபம். எனக்கு எங்கே அழுகை வருதாம்! பஸ்ஸில் வரும், உடுப்புத் தோய்க்கும்போது வரும், வெங்காயம் உரிக்காமலே வரும்.

கோபத்தோடுதான் மிச்சத்தையும் கேட்டேன். அப்போதுதான் கவனித்தேன். அந்தத் தோட்டுக்காரனும், அவ்வளவு ஓட்டத்திலும், கடைசிச் சொல்லுக்கு முன்னால் ஒரு கணம் நின்றான். அந்தப் பெட்டையும் நின்றாள். அவருடைய மூக்கையும் வேகத்தையும் விட்டுவிட்டு அந்த நிற்பை மட்டும் எல்லாரும் எடுத்து வைத்திருந்தார்கள். நின்ற இடத்தில் ஒவ்வொருவரும் தங்கள் தங்கள் கவலையைப் போட்டார்கள். செத்த மனிசன் அவர்கள் எல்லாரிலும் இருந்தார். என்னில் இருந்தது அவருடைய செருமல் மட்டும்தான்.

அடுத்த நாள் பேஸ்மென்றில் சிவப்புப் பொத்தானை அமத்தினேன். திருவிழாவில் என் மனைவி கேட்ட அதே தமிழ்ப் பாட்டு. சினிமாப் பாடகரை விட்டேன். சுருதியைக் குறைத்து, தடிமன் பிடித்து மூக்கடைத்த என் தொண்டையாலேயே பாடினேன். கடைசிச் சொற்களுக்கு முன்னால் நின்றேன். நின்ற இடத்திலெல்லாம் அவளுடைய லொட்ஜ் அறையும், விமான நிலையத்தில் என்னை விட்டுவிட்டுத் திரும்பிய அவளுடைய முதுகும் வந்தன. இரண்டு தரம் போட்டுக் கேட்டேன். இது நான்தான், வேறு ஒருவருமில்லை என்று பட்டது. கொழும்புக்குப் போன ஒருவரிடம் கசற்றைக் கொடுத்துவிட்டு, பிள்ளைப்பேற்றுக்குக் காத்திருப்பவன் மாதிரிக் காத்திருந்தேன்.

"கசற் கிடைச்சதோ?" என்று அடுத்த முறை தொலைபேசி எடுத்தபோது கேட்டேன்.

"ஓம் ஓம், கிடைச்சது." அவள் குரலில் ஒரு உசாரும் இல்லை. "ஆரப்பா அந்த ஆள்? உங்களோட இருக்கிறவரோ?"

தொலைபேசி வயரை விரலில் சுற்றினேன்.

"நல்லாத்தான் பாடியிருக்கிறார். கேக்கப் பாவமாக் கிடந்தது. ஆரும் இல்லாத மனிசன் போல. நீங்கள் எப்ப பாடி அனுப்பப் போறியள்?"

"அவர் என்னோட வேலை செய்யிறவர்" என்றேன். பிறகு, கார்ட் முடிவதற்குள், அதே பாட்டின் முதல் வரிகளை அந்தச் சினிமாப் பாடகரின் குரலில், றெக்கோட் மாதிரியே, தொலைபேசியில் பாடினேன். அவள் விம்மி விம்மி அழத் தொடங்கினாள்.

"இதுதான்... இதுதானப்பா உங்கட குரல்."