சுசாவும் சுடாவும்

எனக்குச் சிரிக்க வைக்கத் தெரியாது. திட்டத் தெரியும். ஜோகூரின் பத்து பாகாட் ஊரில் குழந்தைகளுக்கு உடுப்பு தைக்கும் தொழிற்சாலை ஒன்றில் சூப்பர்வைசராக இருந்தேன். நான் வரிசைக்குள் நுழைந்தால் போதும், தையல் மெஷின்களுக்குப் பின்னால் நடக்கும் அரட்டை தானாக அடங்கிவிடும். அதைப் பெருமையாகவே நினைத்துக்கொண்டிருந்தேன்.

அதனால், செவ்வாய்க்கிழமை கேண்டீனில் சிரிப்புப் பயிற்சி என்று எச்.ஆர் மேலாளர் அறிவித்தபோது எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவர் மலாய்க்காரப் பெண்மணி, அக்கா என்ற பொருளில் என்னை ‘கா’ என்றுதான் கூப்பிடுவார். எழுதி வைத்த வசனம் இல்லாமல், ஒத்திகை இல்லாமல், இரண்டு பேர் எதிரெதிரே நின்று வாயில் வந்ததைப் பேசி நடிக்க வேண்டுமாம். அப்படி விளையாடினால் ஒருவர் சொல்வதை இன்னொருவர் காதுகொடுத்துக் கேட்கும் பழக்கம் வருமாம். “இங்க யாரும் யாரு சொல்றதையும் கேக்கறதில்ல, கா. அந்த ஊசி விஷயம் அதனாலதானே வந்துச்சு?” என்றார் மலாயில்.

ஊசி என்றதும் பயிற்சிக்குப் பெயர் கொடுத்துவிட்டேன்.

குழந்தை உடுப்பில் ஊசி விஷயம் விளையாட்டில்லை. தைக்கும்போது ஊசி உடைந்தால் ஒவ்வொரு துண்டையும் தேடி எடுத்து, ஓர் அட்டையில் டேப் போட்டு ஒட்டி, சூப்பர்வைசரிடம் காட்ட வேண்டும். அதுவரை அந்த மெஷினிலிருந்து ஒரு துணிகூட நகரக்கூடாது. இரண்டு வாரத்துக்கு முன்னால் ஒருத்தியின் மெஷினில் ஊசி உடைந்தது. சிம்பாங் ரெங்கம் பக்கத்து எஸ்டேட்டிலிருந்து கம்பெனி பஸ்ஸில் வருகிறவள். வீட்டுக்காரருக்கு முதுகில் அடிபட்டு ஒரு வருஷமாகப் படுக்கை, தமிழ்ப்பள்ளியில் படிக்கும் இரண்டு பெண் பிள்ளைகள். அவள் சம்பளத்தில்தான் அந்த வீட்டில் அடுப்பு எரிகிறது.

நான் நாலு மெஷின் தள்ளி நின்று, “எல்லாம் கெடைச்சுதா?” என்று கத்தினேன். பஞ்சுத் தூசுக்காக எல்லோரும் மாட்டியிருக்கும் முகக்கவசத்துக்குள்ளிருந்து அவள் ஏதோ சொன்னாள். “சுடாக்கா” என்று எனக்குக் கேட்டது. எங்கள் வரிசையில் மலாயும் தமிழும் கலந்துதான் ஓடும். சுடா என்றால் ஆயிற்று, முடிந்தது. அவள் மறுபடி மெஷினுக்கு அடியில் குனிந்தாள். எனக்கு அவசரம். அட்டையைக் கேட்டு வாங்கிப் பார்க்காமலே, தைத்த துணிகள் இருந்த கூடையை நானே தள்ளிக்கொண்டு போய்விட்டேன்.

மத்தியானம் உலோகம் கண்டுபிடிக்கும் மெஷின் அலறியது. ஊசி முனை ஒரு சின்னக் கவுனின் கழுத்துப் பட்டிக்குள் இருந்தது. யாருக்கும் காயமில்லை. ஆனால் கட்டிய பெட்டிகளையெல்லாம் பிரித்து மறுபடி சோதித்தோம்.

அவள் ஒரே பேச்சாக நின்றாள். “நான் சுசான்னுதான் சொன்னேங்கா. மொனை கெடைக்கல, கஷ்டமா இருக்குன்னு. கூடைய தேடறதுக்குத்தான் கொண்டுபோறீங்கன்னு நெனச்சேன்.” சுசா என்றால் கஷ்டம். நான் அறிக்கையில் எழுதினேன்: முடிந்துவிட்டதாகத் தையல்காரர் தெரிவித்தார். ஏற்கெனவே அவளுக்கு இரண்டு எச்சரிக்கைக் கடிதங்கள் உண்டு. மூன்றாவது வந்தால் வேலை போகும். வியாழக்கிழமை விசாரணை.

அவள் பொய் சொல்கிறாள் என்று நான் நம்பினேனா? பகலில் நம்பினேன். வீட்டில், டிவி சத்தத்தை மகள் வந்து குறைக்கும்போதெல்லாம் நம்பிக்கை ஆட்டம் கண்டது. என் இடது காது மந்தமாகி வெகுநாள் ஆகிவிட்டது. டாக்டரிடம் போகவில்லை. காது கேட்காத சூப்பர்வைசரை யார் வைத்துக்கொள்வார்கள்? வாயசைவைப் பார்த்தே சமாளித்துவந்தேன். முகக்கவசம் மாட்டியவர்களிடம் சத்தம் போட்டேன். சத்தம் போட்டால் அவர்களும் சத்தமாகப் பதில் சொல்வார்கள். எனக்குக் கோபக்காரி என்று பேர் வந்ததில் பாதி இந்தக் காதால் வந்தது.

செவ்வாய்க்கிழமை கேண்டீன் மேசைகளையெல்லாம் சுவரோரமாகத் தள்ளியிருந்தார்கள். பயிற்சியாளர் ஜோகூர் பாருவிலிருந்து வந்தவர். சிங்கப்பூரில் இன்ஜினியராக இருந்து, அதை விட்டுவிட்டு ஆட்களைச் சிரிக்க வைக்கக் கிளம்பியவராம். நல்ல புத்திதான். இல்லாத பந்தை எங்களை வீசச் சொன்னார், பிடிக்கச் சொன்னார். துணி வெட்டும் பிரிவின் பெரியவர்கூட இல்லாத பந்தைக் கோட்டைவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். பயிற்சியாளர் வைத்த சட்டம் ஒன்றே ஒன்று. எதிராளி எதைச் சொன்னாலும் மறுக்கக்கூடாது. “யா” என்று ஏற்றுக்கொண்டு மேலே ஒன்றைச் சேர்க்க வேண்டும். யாராவது பேச்சு வராமல் நின்றால் கூட்டம் முழுக்க “யா, லாகி?” என்று கேட்க வேண்டும். சரி, இன்னும்? என்று அர்த்தம்.

“அதிகம் பேசாதவங்களோட ஜோடி சேருங்க” என்றார். எச்.ஆர் மேலாளர் என் தோளில் கைவைத்து, ஊசி உடைந்த அவளிடமே கொண்டுபோய் நிறுத்தினார். நல்லது செய்வதாக அவருக்கு நினைப்பு.

“ரெண்டு பேரும் முதுகோட முதுகா நில்லுங்க. இது ஃபோன் கால். ஒருத்தர் ஆர்டர் பண்றாங்க, இன்னொருத்தர் கடைக்காரர்.”

முதுகோடு முதுகு என்றால் முகம் தெரியாது. வாய் தெரியாது. தலைக்கு மேல் பெரிய காற்றாடி வேறு ஓடிக்கொண்டிருந்தது. அவள் என் இடப்பக்கமாகத் தலையைத் திருப்பி ஏதோ சொன்னாள். எனக்கு முணுமுணுப்பு மட்டும் வந்தது. நான்தான் கடைக்காரர், ஏதாவது சொல்லியாக வேண்டுமே என்று, “யா, டயரும் மாத்திடலாம்” என்றேன்.

கேண்டீன் அதிர்ந்தது. அவள் நாசி லெமாக், தேங்காய்ப்பால் சோறு, கேட்டிருக்கிறாள். அடுத்து என்ன கேட்டாளோ, நான் “யா, முன் டயரா பின் டயரா?” என்றேன். மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தார்கள். எச்.ஆர் மேலாளர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். இத்தனை வருஷத்தில் என்னைப் பார்த்து அந்த வரிசை சிரித்தது அன்றுதான். ஒரு நிமிஷம், வெட்கம்கெட்டுச் சொல்கிறேன், அது எனக்குப் பிடித்திருந்தது. காது விஷயம் வெளியில் வராமல் சிரிப்பே மூடிவிட்டது, தப்பித்தேன் என்று நினைத்தேன்.

என் முதுகில் ஒட்டியிருந்த முதுகு விலகியது. திரும்பினேன். அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த அறையில் சிரிக்காத ஒரே ஆள்.

தேநீர் வரிசையில் எனக்குப் பின்னால் வந்து நின்றாள். சுற்றிவந்து என் முகத்துக்கு நேரே நின்று, மெதுவாகக் கேட்டாள். “அக்கா, உங்களுக்குக் காது கேக்கலையா?”

“என்னடி ஒளர்ற? காமெடி பண்ணினா காது கேக்கலைன்னு அர்த்தமா?” பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னேன். “வியாழக்கிழம தப்பிக்கறதுக்கு இதயும் கெளப்பிவிடப் போறியா?”

அவள் அப்போதே எச்.ஆரிடம் ஓடியிருக்கலாம். நாலு பேர் முன்னால் கத்தியிருக்கலாம். என் காதுக்கு முன்னால் சொடுக்குப் போட்டிருந்தால்கூட என் கதை முடிந்திருக்கும். அவள் கண் மட்டும் கலங்கியது. “நான் சொன்னா யாரு நம்புவாங்க?” என்று சொல்லிவிட்டு, தேநீர் எடுக்காமலே போய் மூலையில் உட்கார்ந்தாள். என் கையில் இருந்த தே தாரேக்கைக் குடிக்க முடியவில்லை. என்னை எனக்கே பிடிக்காமல் போன இடம் அது.

கடைசிச் சுற்று. ஒவ்வொருவராக நடுவில் வந்து தன்னைப் பற்றி ஒரு வரி சொல்ல வேண்டும். உண்மையும் சொல்லலாம், புளுகவும் செய்யலாம். பேக்கிங் பெண் ஒருத்தி, தனக்கு முதலாளியின் கார்மேல்தான் காதல் என்றாள். என் முறை வந்ததும் கூட்டம் முன்கூட்டியே சிரிக்கத் தொடங்கிவிட்டது. ‘டயர்! டயர்!’ என்று ஒரு குரல்.

டயரைப் பற்றி ஒரு வரி நாக்கில் தயாராகவே இருந்தது. மூலையில் அவள் குனிந்து தன் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“எனக்கு எடது காது கேக்காது” என்றேன்.

ஒரே சிரிப்பு. “யா, லாகி?” என்றது கூட்டம்.

“ரொம்ப நாளாவே கேக்காது. உங்க வாயப் பாத்துத்தான் சமாளிக்கிறேன்.”

இன்னும் பெரிய சிரிப்பு. பயிற்சியாளர் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். “யா, லாகி?”

உண்மையைச் சொன்னாலும் சிரிக்கிறார்களே என்று அழுகையாக வந்தது. பேசாமல் இடத்துக்குத் திரும்பிவிடலாம். சொல்லிவிட்டேன் என்றும் ஆகும், யாரும் நம்பவில்லை என்றும் ஆகும். அந்த எண்ணம் வந்ததை நான் மறைக்க விரும்பவில்லை.

“ஊசி ஒடைஞ்ச அன்னிக்கு அவ சுசான்னு சொல்லியிருக்கா” என்றேன், மலாய் மறந்துபோய் முழுக்கத் தமிழில். “மாஸ்க் போட்டிருந்தா. எனக்கு சுடான்னு கேட்டுச்சு. அட்டையப் பாக்காம கூடையத் தள்ளிக்கிட்டுப் போனது நானு. அறிக்கையில அவ மேல பழி போட்டு எழுதினதும் நானு.”

தமிழ் தெரிந்தவர்கள் முதலில் நிறுத்தினார்கள். பிறகு யாரோ எச்.ஆர் மேலாளரின் காதில் மலாயில் சொல்ல, அவர் முகத்திலிருந்தும் சிரிப்பு போயிற்று. காற்றாடிச் சத்தம் மட்டும் எனக்கு நன்றாகக் கேட்டது. லாகி என்று ஒருவரும் கேட்கவில்லை.

வியாழக்கிழமை விசாரணை நடந்தது. அவளுக்கு வைத்திருந்த நாற்காலியில் நான் உட்கார்ந்தேன். அறிக்கையைத் திருத்தி எழுதிக் கொடுத்தேன். அவளுக்கு மூன்றாவது கடிதம் வரவில்லை. எனக்கு முதல் கடிதம் வந்தது. சூப்பர்வைசர் பதவியை எடுத்துவிட்டு, சோதனை மேசையில் உட்கார வைத்தார்கள். காதுக்கு ஒரு கருவி மாட்டியிருக்கிறேன். அது பாதி நேரம் கீச்சிடுகிறது.

அவள் என்னை மன்னித்தாளா என்று தெரியவில்லை, கேட்கவும் எனக்கு முகமில்லை. இன்றுவரை என்னைப் பார்த்து அவள் சிரித்ததில்லை. ஆனால் துணியைக் காட்ட என் மேசைக்கு வரும்போது, சுற்றிக்கொண்டு என் வலப்பக்கம் வந்து நிற்பாள். முகக்கவசத்தைத் தாடைக்கு இறக்கிவிட்டு, அப்புறம்தான் பேசத் தொடங்குவாள்.